இடிந்து சரியும் மேட்டில் ஒரு நகராட்சி: இத்தாலியின் பன்யோரேஜ்ஜோ பற்றி விவரம் தேவை

கேள்வி: குன்னூர் புவியியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். வரும் மே மாதம் எங்கள் பங்கு ஆலயத்திலிருந்து ரோம், அசிசி ஆகிய ஊர்களுக்குத் திருப்பயணம் செல்லும் குழுவில் என் மாமியாரும் நானும் சேர்ந்திருக்கிறோம். பயண நிரலில் ஒரு நாள் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. குழுவில் பெரும்பாலோர் அந்த நாளைக் கடைவீதிகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நான் அதை ரோமுக்கு வடக்கே, லாட்சியோ மாநிலத்தின் விட்டர்போ மாவட்டத்தில் உள்ள பன்யோரேஜ்ஜோ என்ற சிறிய மலை நகராட்சிக்கும், அதற்கு உட்பட்ட சிவிட்டா என்ற பழைய குடியிருப்புக்கும் செலவிட விரும்புகிறேன்.

விருப்பத்துக்குக் காரணம் இருக்கிறது. நான் மேல்நிலைப் பள்ளியில் புவியியல் கற்பிக்கிறேன். நிலச்சரிவு என்ற பாடத்தை நீலகிரி மாணவர்களுக்குப் பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு நடத்த வேண்டிய தேவையே இல்லை. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த சரிவுகளைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு உண்டு. ஆனால் ஒரு மலையூர் நூற்றாண்டுக் கணக்கில் விளிம்பு விளிம்பாக உதிர்ந்துகொண்டே இருந்தும், மக்கள் அதை முற்றாகக் கைவிடாமல் இருப்பது எப்படி என்று அவர்கள் கேட்டால், என்னிடம் முழுமையான விடை இல்லை. சிவிட்டாவை அந்த நாட்டினரே 'செத்துக்கொண்டிருக்கும் ஊர்' என்று அழைக்கிறார்கள் என்றும், அங்கே நிரந்தரமாக வசிப்போர் பத்துப் பதினைந்து பேர்தாம் என்றும் படித்தேன். எங்கள் பள்ளி ஆண்டு மலரில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதும் எண்ணமும் உண்டு.

ஆகவே நான் அறிய விரும்புபவை இவை: அந்த நிலம் ஏன் இடிகிறது, ஊரின் வரலாற்றில் மாணவர்களுக்குச் சொல்லத்தக்கவை எவை, கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள் எவை, அந்த நகராட்சி இன்று ஊரைக் காக்க என்ன செய்கிறது. எழுபதைக் கடந்த மாமியாருடன் செல்ல முடியுமா என்பதையும் யாரேனும் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: கோத்தகிரி, பணி ஓய்வு பெற்ற நிலவியலாளர்

வணக்கம் அம்மா. சரியான ஊரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பணிக்காலத்தில் ஓர்வியேட்டோவிலும் பன்யோரேஜ்ஜோவிலும் சரிவுத் தடுப்புப் பணிகளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அதனால் முதல் கேள்விக்கு விரிவாகவே எழுதுகிறேன்.

பன்யோரேஜ்ஜோவின் நிலத்தில் கடினமான பாறை மேலேயும் மென்மையான மண் கீழேயும் இருக்கின்றன. தொல்லைகள் எல்லாம் இந்த வரிசையிலிருந்து பிறப்பவை. அடியில் இருப்பது, அந்தப் பகுதி முழுவதும் கடலாக இருந்த காலத்தில் படிந்த நீலச் சாம்பல் நிறக் களிமண். கடல் பின்வாங்கிய பின்னர், மேற்கே இன்று பொல்சேனா ஏரி இருக்கும் இடத்தைச் சுற்றி இயங்கிய வுல்சினி எரிமலைத் தொகுதி தொடர்ந்து சாம்பலையும் நுரைக்கற்களையும் உமிழ்ந்து அந்தக் களிமண்ணை மூடியது. அவற்றுள் மேலடுக்காக இருப்பது, ஏறத்தாழ 3,30,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒரு பெருவெடிப்பில் கொதிக்கும் சாம்பல் ஓட்டமாகப் பாய்ந்து வந்து இறுகிய பாறை. அருகிலுள்ள ஓர்வியேட்டோ நகரம் நிற்பதும் இதே பாறையின் மீதுதான். நிலவியல் நூல்களில் இரண்டு ஊர்ப் பெயர்களையும் சேர்த்தே இந்தப் படிவத்தைக் குறிப்பிடுவார்கள். இதைத் தூஃபா என்கிறார்கள். மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். சாவியால் கீறினால் தூள் உதிரும். உளியால் எளிதாகக் குடையலாம் என்பதால்தான் பழங்காலத்து மக்கள் அதற்குள்ளேயே கல்லறைகளையும் கிடங்குகளையும் வெட்டிக்கொண்டார்கள். செங்குத்தாக வெட்டி நிறுத்தினாலும் நிற்கும். ஆனால் கீழே ஆதாரம் போய்விட்டால் விரிசல்வழியே பெரும் பாளமாகப் பிளந்து விழுந்துவிடும்.

ஆதாரம் எப்படிப் போகிறது என்பதைத்தான் மாணவர்களுக்கு விளக்க வேண்டும். சிவிட்டா மேட்டின் இரு பக்கங்களிலும் இரண்டு ஓடைகள் ஓடுகின்றன; ஒன்றின் பெயர் ரியோ கியாரோ, மற்றொன்று ரியோ தோர்பிதோ. இவை தங்கள் படுகையை ஆழப்படுத்திக்கொண்டே போவதால் களிமண் சரிவுகள் மேலும் மேலும் செங்குத்தாகின்றன. கோடையில் களிமண் காய்ந்து வெடிக்கிறது. குளிர்கால மழை அந்த வெடிப்புகளில் இறங்கி அதைக் குழைத்துக் கீழே இழுக்கிறது. அடிமண் வழுக்கி இறங்கும்போது மேலுள்ள பாறைத் தட்டின் விளிம்பு தொங்கலாகிறது. ஈர மணலின் மேல் வைத்த அம்மிக்கல்லின் ஓரத்து மணலைச் சுரண்டினால் என்ன நடக்குமோ அதுதான் அங்கே நடக்கிறது. ஆனால் அங்கே அம்மி வழுக்காமல் விளிம்பில் உடைந்து விழுகிறது, விழும் பாளத்தோடு வீடுகளும் போகின்றன.

ஊரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குக்குக் கலான்கிப் பள்ளத்தாக்கு என்று பெயர். களிமண்ணில் மழைநீர் அறுத்த கத்தி முனை போன்ற வரப்புகளைக் கலான்கி என்கிறார்கள். புல்கூட ஒட்டாத வெளிறிய முகடுகள் அடுத்தடுத்து நிற்கும். அவற்றின் நடுவே ஒரு பாறைத் தட்டு, அதன் மேல் ஓட்டுக்கூரை வீடுகளும் ஒரு மணிக்கோபுரமும்: தூரத்திலிருந்து பார்த்தால் சிவிட்டா இவ்வளவுதான். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 440 மீட்டர் உயரம். நம் கணக்கில் அது குன்னூர் மலைப்பாதையின் கீழ் வளைவுகளின் உயரம்தான். ஆனால் ஒரு மலையூரின் ஆபத்தைத் தீர்மானிப்பவை சரிவும் மண்ணும் நீரும். உயரம் அந்தக் கணக்கில் பின்னால்தான் வருகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். அந்த விளக்கத்தை அப்படியே நீலகிரிக்குப் பொருத்திவிடக் கூடாது. நம்முடையது சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையுள்ள சார்னோக்கைட் பாறை. எரிமலைச் சாம்பலுக்கும் கடல் களிமண்ணுக்கும் இங்கே இடமில்லை. நம் சிக்கல், அந்தக் கடும்பாறை பல மீட்டர் ஆழத்துக்குச் சிதைந்து செம்மண்ணாகிப் போனதுதான். வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் கொட்டும்போது, அந்த மண் போர்வை நீரை உறிஞ்சிக் கனத்து, கீழுள்ள உறுதியான பாறை மீது வழுக்குகிறது. அங்கே கடினமானது மேலே, மென்மையானது கீழே; இங்கே வரிசை தலைகீழ். ஆயினும் இரண்டு இடங்களிலும் சரிவைத் தொடங்கிவைப்பது நீர்தான். 1978, 1979 ஆண்டுகளின் சரிவுகளானாலும் 2009-இன் சரிவுகளானாலும், இயற்கை வடிகால் மறிக்கப்பட்ட இடங்களையும் சாலைக்காகவும் வீட்டுக்காகவும் அடிவாரம் வெட்டப்பட்ட சரிவுகளையும் நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். இந்த ஒப்பீட்டையும் வேறுபாட்டையும் உங்கள் கட்டுரை பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினால், மாணவர்களுக்கு அது பாடப்புத்தகத்தில் கிடைக்காத ஒன்றாக இருக்கும்.

ஊரைக் காக்கும் பணிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, கண்ணில் படாத பணிதான். ஓடைகளின் குறுக்கே வரிசையாகச் சிறு தடுப்பணைகள் கட்டியிருக்கிறார்கள். நீரைத் தேக்குவது அவற்றின் வேலை அல்ல. ஓடை தன் படுகையை மேலும் அறுக்காமல் இருக்கவும், கொண்டுவரும் வண்டலை அங்கேயே இறக்கிச் சரிவின் காலடியை உயர்த்தவும் அவை உதவுகின்றன. பாறை விளிம்புகளில் விரிசல்களைக் குறுக்காகத் துளைத்து எஃகுக் கம்பிகளைச் செலுத்திப் பாளங்களைப் பிணைத்திருக்கிறார்கள். ஊருக்குள் ஆலெமான்னி மாளிகையில் நிலவியலுக்கும் நிலச்சரிவுக்கும் என்றே 2012-இல் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தன் அழிவின் காரணத்தைத் தானே ஆவணப்படுத்தி, வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்லும் ஒரு சிற்றூர் எவ்வளவு மதிப்புக்குரியது என்று அங்கே நின்றபோது எண்ணினேன். நம் மலை மாவட்டங்களில் ஒன்றிலாவது அத்தகைய கூடம் ஒன்று அமைய வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

மறுமொழி 2: கொடைக்கானல், மெய்யியல் பேராசிரியர்

ஆசிரியைக்கு வணக்கம். மேலே ஐயா நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டார். வரலாற்றைப் பற்றி நான் எழுதுகிறேன். செண்பகனூர் இயேசு சபைக் கல்லூரியின் நூலகத்தில் இடைக்கால மெய்யியலைப் படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து பன்யோரேஜ்ஜோ எனக்குப் பழக்கமான பெயர். காரணம், புனித பொனவெந்தூர் பிறந்த ஊர் அது.

ஊரின் தொடக்கம், ரோமானியர் எழுச்சிக்கு முன் அப்பகுதியில் வாழ்ந்த எத்ருஸ்கர் என்ற மக்களின் காலத்தது. அதாவது ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முற்பட்டது. பகைவர் எளிதில் ஏற முடியாத பாறைத் தட்டு, கீழே நீர், சுற்றிலும் திராட்சைக்கும் ஒலிவத்துக்கும் ஏற்ற எரிமலை மண், டைபர் ஆற்றையும் பொல்சேனா ஏரியையும் இணைக்கும் பழைய வழித்தடம் ஆகியவை அங்கே குடியேறத் தூண்டியிருக்கும். மேட்டின் அடிவயிற்றைத் துளைத்து அவர்கள் வெட்டிய சுரங்கவழியைப் பிற்காலத்து உழவர்களும் தங்கள் வயல்களுக்குச் செல்லப் பயன்படுத்தினார்கள். எத்ருஸ்கர் கல்லறைகள் பின்னர் திராட்சை மது வைக்கும் நிலவறைகளாகவும் ஒலிவ எண்ணெய் ஆட்டும் கூடங்களாகவும் மாறின; ஒன்று சிறு வழிபாட்டிடமாகவும் ஆனது. சில குகைகளின் சுவர்களில் புறா வளர்ப்பதற்கென்று வரிசையாகக் குடைந்த சதுரப் பொந்துகளை இன்றும் காணலாம்.

இடைக்காலத்தில் ஊருக்கு ஆயர் ஒருவர் இருந்தார். 600-ஆம் ஆண்டை ஒட்டிய திருத்தந்தை பெரிய கிரகோரியின் கடிதங்களிலேயே இவ்வூர் மறைமாவட்டம் இடம்பெறுகிறது. 12-ஆம் நூற்றாண்டில் அது தன்னாட்சி பெற்ற நகரமாக வளர்ந்தது. பின்னர் ஓர்வியேட்டோவைச் சேர்ந்த மொனால்தெஸ்கி குடும்பத்தின் ஆதிக்கம் அழுத்தியபோது மக்கள் கிளர்ந்து அதை அகற்றினார்கள். சிவிட்டாவுக்குள் நுழையும் புனித மரியா வாயிலின் பக்கவாட்டில், மனிதத் தலைகளைக் காலடியில் அழுத்திப் பிடித்திருக்கும் இரண்டு கருங்கல் சிங்கங்களைக் காண்பீர்கள். அந்த விடுதலையின் நினைவுச் சின்னங்கள் என்றே ஊரார் அவற்றைப் போற்றுகின்றனர். வாயிலின் வழியையே எத்ருஸ்கர் பாறையில் வெட்டியிருந்தார்கள், வளைவு பிற்காலத்தது.

பொனவெந்தூரைப் பற்றிச் சற்று விரிவாக எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஜொவான்னி என்ற இயற்பெயருடன் 13-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இவ்வூரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். குழந்தையாக இருந்தபோது கடும் நோய்வாய்ப்பட்டு, அசிசியின் புனித பிரான்சிசின் பரிந்துரையால் பிழைத்தார் என்பது மரபு. பாரிசில் பயின்று, 1257-இல் பிரான்சிஸ்கன் சபையின் தலைவராகி, உட்பிளவுகளால் சிதறவிருந்த அந்தச் சபையை ஒருங்கிணைத்தார். அதனால் அவரை இரண்டாம் நிறுவனர் என்றே மதிக்கிறார்கள். அறிவு அன்பில் சென்று முடியாவிட்டால் அது நிறைவடையாது என்பதே அவருடைய சிந்தனையின் உயிர்நாடி. அதே காலத்தில் தோமா அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலின் துணையோடு கட்டிய அறிவுக் கோட்டையின் அருகே, இவர் அகுஸ்தீனின் வழியில் வேறொரு பாதையைத் திறந்துவைத்தார். 1274-இல் பிரான்சின் லியோன் நகரில் திருச்சபையின் பொதுச்சங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே அங்கே இறந்தார். 1482-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். 1588-இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்டார். லியோனில் இருந்த அவரது உடல் 1562-இல் சமயப் போரின்போது அழிக்கப்பட்டது. அதற்கு முன்பே சொந்த ஊருக்கு அனுப்பப்பட்டிருந்த கை ஒன்று மட்டும் தப்பியது. அது இன்றும் பன்யோரேஜ்ஜோவின் புனித நிக்கோலா ஆலயத்தில் திருப்பண்டமாக, அதாவது வணக்கத்துக்குரிய புனிதப் பொருளாக, பேணப்படுகிறது. உதகை காந்தல் குருசடியில் திருச்சிலுவைத் திருப்பண்டத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றிப் பழகிய உங்கள் மாமியாருக்கு இந்த ஒன்றுக்காகவே அந்தப் பயணம் பொருளுடையதாக இருக்கும் என்று நம்புகிறேன். பொனவெந்தூர் பிறந்த வீடு இருந்த இடமோ பாறை விளிம்போடு எப்போதோ பள்ளத்தாக்கில் விழுந்துவிட்டது. நினைவுப் பலகை மட்டும் இருக்கிறது.

ஊரின் வாழ்வைத் திசைதிருப்பிய நாள் 1695 ஜூன் 11. அன்று ஏற்பட்ட நிலநடுக்கத்தில் வீடுகளும், சிவிட்டாவை மறுமேட்டோடு இணைத்த வழியும் கடுமையாகச் சேதமுற்றன. ஆட்சியாளர்களும் ஆயரும் மெல்ல மெல்ல எதிர்மேட்டில் இருந்த ரோத்தா என்ற புறநகருக்குப் பெயர்ந்தார்கள். இன்றைய பன்யோரேஜ்ஜோ நகரம் அதுதான். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேராலயத் தகுதியும் சிவிட்டாவின் புனித தொனாத்தோ ஆலயத்திலிருந்து அங்கே மாற்றப்பட்டது. ஆகவே நீங்கள் பார்க்கப்போவது தாயூரும் சேயூரும். தாய் உதிர்ந்துகொண்டிருக்க, சேய் நிர்வாகத்தை நடத்துகிறது. 'செத்துக்கொண்டிருக்கும் ஊர்' என்ற பெயரை 20-ஆம் நூற்றாண்டில் நிலைநிறுத்தியவர் அதே நகராட்சியில் 1896-இல் பிறந்த எழுத்தாளர் பொனவெந்தூரா தெக்கி. அந்தப் பெயர் வெளியாரின் ஏளனமன்று, மண்ணின் மைந்தர் ஒருவரின் துயரம் என்பதை உங்கள் கட்டுரையில் குறிப்பிட வேண்டுகிறேன்.

பார்க்க வேண்டியவற்றில் தொனாத்தோ ஆலயத்துக்கே முதலிடம். அது நிற்கும் சதுக்கத்தின் ஓரத்தில் பழங்காலத் தூண்களின் துண்டுகள் நிறுத்தப்பட்டிருக்கின்றன. தரையில் கல் பாவவில்லை, சரளை மண்தான். உள்ளே 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மரச் சிலுவை உண்டு. மறுமலர்ச்சிக் காலச் சிற்பி தொனத்தெல்லோவின் கலைமரபைச் சேர்ந்தது என்பார்கள். பெரிய வெள்ளியன்று அந்தச் சிலுவையைப் பாலத்தைக் கடந்து பன்யோரேஜ்ஜோவுக்குப் பவனியாக எடுத்துச் செல்கிறார்கள். நள்ளிரவுக்குள் திருப்பிக் கொண்டுவராவிட்டால் அது பன்யோரேஜ்ஜோவுக்கே சொந்தமாகிவிடும் என்பது வழிவழியாக வரும் பேச்சு. சிவிட்டாக்காரர்கள் இன்றுவரை அதை விட்டுக்கொடுக்கவில்லை. அதே சதுக்கத்தில் ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் செப்டம்பரிலும், கழுதைப் பந்தயம் நடக்கிறது. வாயிலுக்கு அருகே மறுமலர்ச்சிக் கால மாளிகை ஒன்றின் முகப்புச் சுவரைத் தவறவிடாதீர்கள். கதவு இருக்கிறது, மேலே சன்னல் சட்டங்கள் ஒழுங்காக இருக்கின்றன, அந்தச் சன்னல்களின் வழியே தெரிவது வானம் மட்டுமே. அறைகள் அனைத்தும் பள்ளத்தாக்கில் போய்விட்டன. நிலச்சரிவு என்றால் என்ன என்பதை உங்கள் மாணவர்களுக்குக் காட்ட ஒரே ஒரு படம்தான் எடுக்க முடியும் என்றால், அந்தச் சுவரைப் படமெடுங்கள்.

மீண்டும்: குன்னூர் புவியியல் ஆசிரியை

இரு ஐயாக்களுக்கும் மனமார்ந்த நன்றி. மாணவர்களிடம் மேலே உள்ளவற்றை வாசித்துக் காட்டினேன். ஒருவன் எழுந்து, "சுற்றிலும் பெரிய சுவர் எழுப்பிவிட்டால் ஊர் நிற்காதா?" என்று கேட்டான். இன்னொருத்தி, பத்துப் பேருக்காக ஒரு நகராட்சி இவ்வளவு செலவு செய்வதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். இரண்டும் நல்ல கேள்விகள் என்பதால் இங்கே பதிகிறேன்.

மறுமொழி 3: கோத்தகிரி, பணி ஓய்வு பெற்ற நிலவியலாளர்

அந்தப் பையனிடம் சொல்லுங்கள்: சுவர் மண்ணைத் தாங்கிவிடும், ஆனால் மண்ணுக்குள் தேங்கும் நீரைத் தாங்குவது கடினம். வெளியேற வழியில்லாத நீர், தடுப்புச் சுவரைப் பின்னாலிருந்து தள்ளிக் கவிழ்த்துவிடும். நம் மலைச்சாலையோரத் தடுப்புச் சுவர்களில் வரிசையாக நீர்க்கசிவுத் துளைகள் விட்டிருப்பதை அவன் பார்த்திருப்பான். அவற்றில் பாதி குப்பையாலும் மண்ணாலும் அடைபட்டிருப்பதையும் பார்த்திருப்பான். மழைக்கு முன் அவற்றைக் குத்திவிட்டுச் சுத்தம் செய்வது புதுச் சுவர் கட்டுவதைவிடப் பயன் தரும். சிவிட்டாவிலோ சரிவு நூறு மீட்டருக்கும் மேல் இறங்குகிறது. அதற்குச் சுவர் எழுப்புவது இயலாது, எழுப்பினாலும் அதன் கடைக்காலும் அதே களிமண்ணில்தான் நிற்க வேண்டும். ஆகவே ஓடையைக் கட்டுப்படுத்துவது, கூரை நீரையும் கழிவுநீரையும் பாறைக்குள் இறங்கவிடாமல் குழாய் வழியே கொண்டுபோவது, விளிம்பைக் கம்பியால் பிணைப்பது என்று சிறு சிறு வேலைகளை ஓயாமல் செய்ய வேண்டியிருக்கிறது. நீலகிரிச் சாலைகளில் அண்மை ஆண்டுகளில் நெடுஞ்சாலைத் துறை சரிவுகளில் இரும்புக் கம்பிகளை அறைந்து, வலை போர்த்தி, அதன் மேல் புல் விதையைத் தெளித்து வளர்க்கும் முறையும் இதே வழியில் வந்ததுதான்.

மறுமொழி 4: கொடைக்கானல், தங்கும் இல்லம் நடத்துபவர்

வணக்கம். பணம் பற்றிக் கேட்ட மாணவிக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சுற்றுலாத் தொழிலில் இருப்பதால் பன்யோரேஜ்ஜோவின் நடவடிக்கைகளை அக்கறையோடு கவனித்து வருகிறேன்.

இத்தாலியில் பெருநகரமானாலும் சிற்றூரானாலும் உள்ளாட்சி அமைப்பு ஒன்றே. அதைக் கொமூனே என்கிறார்கள். 1993 முதல் அதன் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். பன்யோரேஜ்ஜோ கொமூனேயில் மொத்தம் ஏறத்தாழ மூவாயிரத்து ஐந்நூறு பேர் வாழ்கிறார்கள். சிவிட்டா அதன் ஓர் உட்பகுதி. சிவிட்டாவுக்குச் செல்ல 1965-இல் கட்டப்பட்ட, சுமார் 300 மீட்டர் நீளமுள்ள நடைபாலம் ஒன்றே வழி. கார் போகாது, ஊர்க்காரர்களின் இருசக்கர வண்டிகளும் சாமான் ஏற்றிய சிறு வண்டிகளும் மட்டுமே போகும். இந்த ஒற்றை வாசல் ஊரின் குறையாக இருந்தது. 2013-இல் நகராட்சி அதையே வருவாயாக்கியது. பாலத்தில் ஏறும் வெளியாரிடம் ஒன்றரை யூரோ கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். இத்தாலியில் ஒரு குடியிருப்புக்குள் நுழையவே கட்டணம் வாங்கியவர்களில் அவர்கள் முன்னோடிகள். இப்போது 5 யூரோ. கட்டணம் வைத்தால் கூட்டம் குறையும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு: 2010-ஐ ஒட்டி ஆண்டுக்குச் சுமார் 40,000 பேர் வந்த ஊருக்கு 2017-இல் எட்டு லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். அந்த வருவாயைக் கொண்டு பன்யோரேஜ்ஜோ மக்கள் செலுத்த வேண்டிய நகராட்சி வரிகளைத் தள்ளுபடி செய்ய முடிந்தது. உணவகங்களும் விடுதிகளும் பெருகி இளைஞர்களுக்கு ஊரிலேயே வேலை கிடைத்தது. உலக நினைவுச்சின்ன நிதியம் 2006-இல் ஆபத்துக்குள்ளான இடங்களின் பட்டியலில் சிவிட்டாவைச் சேர்த்ததும் வெளியுலகின் கவனத்தை ஈர்க்க உதவியது.

இதில் நான் முழு மனத்தோடு பாராட்டுவது, பணம் வாங்குகிறவர்களும் அதைச் செலவிடுகிறவர்களும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதை. நமக்கும் கட்டுப்பாடு வந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பும் விதிக்கப்பட்டது. தொழில் பாதிக்கிறது என்று எங்கள் சங்கக் கூட்டங்களில் நிறைய வாதம் நடக்கிறது. என் கருத்து வேறு. ஏரிச்சாலையில் வண்டிகள் மணிக்கணக்கில் நகராமல் நின்ற மே மாதங்களைப் பார்த்தவன் என்ற முறையில் வரம்பு தேவை என்றே சொல்வேன். ஆனால் வரும் வண்டிகளால் இந்த மலைக்கு ஏற்படும் செலவை ஈடுகட்டும் தொகை, இந்த மலையின் வடிகாலுக்கும் குப்பை அகற்றலுக்கும் என்றே ஒதுக்கப்பட்டு, கணக்கும் ஊரார் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். பன்யோரேஜ்ஜோவில் கற்கத்தக்க பகுதி இதுதான்.

கற்கக் கூடாத பகுதியும் உண்டு. சிவிட்டாவில் விளக்கெரியும் வீடுகளில் பெரும்பாலானவை ரோம் போன்ற நகரங்களில் வாழ்வோரின் விடுமுறை வீடுகள், அல்லது என்னுடையது போன்ற தங்கும் இல்லங்கள். பள்ளியில்லை, அன்றாடச் சாமான் வாங்கும் சந்தையில்லை. பகலில் பாலம் நிறையக் கூட்டம். மாலையில் அது வடிந்ததும் பூனைகளும் பத்துக் குடும்பத்துக்கும் குறைவான மனிதர்களும். நிலச்சரிவு விரட்டியவர்களைச் சுற்றுலா திரும்பக் கொண்டுவரவில்லை. கொடைக்கானலின் வட்டக்கானல் பக்கமும் நீலகிரியில் ஹட்டி எனப்படும் படகர் சிற்றூர்கள் சிலவற்றிலும் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் போய்விட, வீடுகள் வாடகை விடுதிகளாக மாறுவதைப் பார்க்கும்போது எனக்குச் சிவிட்டாவின் நினைவு வருகிறது. ஊரின் கட்டடங்கள் பிழைத்து ஊரார் இல்லாமல் போவதை வெற்றி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இனி, போகும் வழி. ரோமிலிருந்து ஓர்வியேட்டோவுக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். அங்கிருந்து பன்யோரேஜ்ஜோவுக்குப் பேருந்து உண்டு. முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். ஒரு நாளில் செல்லும் பேருந்துகள் குறைவு, ஞாயிற்றுக்கிழமையில் அவற்றை நம்பிப் போக வேண்டாம். ஆகவே உங்கள் ஓய்வு நாள் எந்தக் கிழமையில் வருகிறது என்று முதலில் பாருங்கள். திரும்பும் பேருந்தின் நேரத்தைக் குறித்துக்கொண்ட பிறகே நகரத்தைவிட்டு நடக்கத் தொடங்குங்கள். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து பாலத்துக்கே ஊரின் நீளம் முழுவதும் நடக்க வேண்டும். சிற்றுந்து ஓடுகிறதா என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

மாமியாரைப் பொறுத்தவரை, பாலத்தின் முற்பகுதி சிரமமில்லை. கடைசிப் பகுதி நன்றாகச் செங்குத்தாக ஏறும், நிழலும் இல்லை, காற்றும் பலமாக வீசும். முட்டிவலி இருந்தால் கட்டாயப்படுத்த வேண்டாம். பாலத்துக்கு முன்னதாகப் பன்யோரேஜ்ஜோ பக்கத்திலேயே பெல்வெதேரே என்ற காட்சிமுனை இருக்கிறது. பழைய பிரான்சிஸ்கன் மடம் நின்ற இடம் அது. சிவிட்டா முழுவதும் நேரெதிரே தெரியும். அதன் கீழேதான் குழந்தை பொனவெந்தூரைப் பிரான்சிஸ் குணப்படுத்தியதாக மரபு சொல்லும் குகை உள்ளது. காலையில் புனித நிக்கோலா ஆலயத்தில் வழிபாட்டை முடித்துக்கொண்டு, அவரை அந்தக் காட்சிமுனையில் உட்கார வைத்துவிட்டு, துணைக்குக் குழுவில் ஒருவரை இருத்திவிட்டு, நீங்கள் மட்டும் போய்வரலாம். சிவிட்டாவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து கடக்க ஐந்து நிமிடம் போதும். அருங்காட்சியகத்தையும் ஆலயத்தையும் நின்று பார்க்க இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குடிநீரும் தொப்பியும் கையில் இருக்கட்டும்.